மாடு பருவத்துக்கு வந்ததைக் கருவி சொல்லுமா? கறவை மாடு வளர்ப்போரின் கேள்விகளும் பதில்களும்

கழுத்துப் பட்டை, கால் பட்டை, காது வில்லை, வயிற்றுக்குள் செலுத்தும் உருளை என்று சினைப்பருவம் அறியும் கருவிகள் பல வடிவில் வந்துவிட்டன. விற்பவர் சொல்வது ஒரு விதம், வாங்கி மாட்டியவர் சொல்வது வேறு விதம். இரண்டுக்கும் நடுவே வழக்கமாக எழும் கேள்விகள் இவை.

பருவத்துக்கு வந்த மாடு கத்தும், தாவும், வழும்பு ஒழுகும். கண்ணாலேயே தெரிவதற்குக் கருவி எதற்கு?

தெரியும்தான், நீங்கள் பார்க்கும் நேரமும் மாடு காட்டும் நேரமும் ஒன்றாக இருந்தால். சராசரியாக 21 நாளுக்கு ஒரு முறை, கூடக் குறைய 18 முதல் 24 நாளுக்குள், மாடு பருவத்துக்கு வருகிறது. பருவம் 12 முதல் 18 மணி நேரம் நீடிக்கும் என்பது பழைய பாடம். அதிகப் பால் கறக்கும் மாடுகளில் அது பல நேரங்களில் 8 மணி நேரத்தைக்கூடத் தொடுவதில்லை. உறுதியான அடையாளம், வேறொரு மாடு மேலே தாவும்போது விலகாமல் நின்று கொடுப்பது. ஒவ்வொரு தாவலும் சில நொடிகள்தான். ஒரு பருவத்தில் பத்துத் தாவல், தாவலுக்கு ஐந்து நொடி என்று வைத்தாலும் மொத்தம் ஒரு நிமிடம் தேறாது. மூன்று வாரத்தில் அந்த ஒரு நிமிடத்தைத்தான் பிடிக்க வேண்டும். அதிலும் பெரும்பங்கு அந்தி சாய்ந்து விடிவதற்குள், கொட்டகையில் ஆள் இல்லாத நேரத்தில் நடக்கிறது.

காலையும் மாலையும் அரை மணி நேரம், தீனி போடாமல், பால் கறக்காமல், சும்மா நின்று கவனிப்பவருக்குப் பாதிக்கு மேல் பிடிபடலாம். கறந்துகொண்டே ஒரு கண் வைத்திருப்பது கவனிப்பில் சேராது. தவறவிட்ட ஒவ்வொரு பருவமும் மூன்று வாரத் தீனி, மூன்று வாரம் தள்ளிப்போகும் கன்று. 'மாடு சினை பிடிக்கவில்லை' என்று கால்நடை மருத்துவரிடம் வரும் புகார்களில் கணிசமானவை, கொஞ்சம் கிளறினால், மாட்டை யாரும் பார்க்கவில்லை என்பதில்தான் போய் முடியும்.

நன்றாகப் பால் கறக்கும் மாடு ஏன் பருவத்தை மங்கலாகக் காட்டுகிறது?

பருவ நடத்தையைத் தூண்டுவது சினைப்பையில் முதிரும் நுண்குமிழ் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன். நிறையப் பால் தரும் மாடு நிறையத் தின்கிறது. நிறையத் தின்றால் கல்லீரல் வழியே ரத்த ஓட்டமும் கூடுகிறது. அந்த ரத்தத்தோடு வரும் ஈஸ்ட்ரோஜனைக் கல்லீரல் வேகமாகச் சிதைத்துவிடுகிறது. கருமுட்டை வெளிவரும், ஆர்ப்பாட்டம் மட்டும் குறைந்துவிடும். இத்துடன் தரையும் சேர்ந்துகொள்கிறது. மண் தரையில் துணிந்து தாவும் மாடு வழுக்கும் சிமெண்டுத் தரையில் தயங்கும், குளம்பு வலி உள்ள மாடு தாவவே தாவாது. கருவி வாங்கிக் கட்டினாலும் அது அளக்கப்போவது இதே மங்கிய நடத்தையைத்தான்.

அப்படியானால் கருவி எதை அளக்கிறது? உள்ளே என்ன இருக்கிறது?

பருவத்தை அது அளப்பதில்லை. அசைவை அளக்கிறது. உள்ளே இருப்பது முடுக்கமானி. கைப்பேசியைத் திருப்பினால் திரையும் திரும்புகிறதே, அந்த வேலையைச் செய்யும் அதே வகைச் சில்லு. பருவத்துக்கு வந்த மாடு படுக்காது. நிலைகொள்ளாமல் நடக்கும், மற்ற மாடுகளின் பின்புறத்தை முகரும், முதுகில் முகவாயை வைத்துப் பார்க்கும். அசைபோடுவது குறையும், தீனியில் மனம் போகாது. பருவ நாளில் மாடு கூடுதலாக நடக்கிறது என்பதை 1954இலேயே ஃபாரிஸ் என்ற ஆய்வாளர் பதிவு செய்தார். 1977இல் கிடி என்பவர் மாட்டின் காலில் நடையெண்ணியைக் கட்டி அளந்து, பருவத்தில் நடை மடங்குக் கணக்கில் கூடுவதைக் காட்டினார். 1980களில் அதே எண்ணம் விற்பனைப் பொருளானது. அசைபோடும் நேரத்தைக் கழுத்திலிருந்தே அளப்பது அதற்கு வெகுகாலம் பின்னால் வந்தது.

எல்லா மாட்டுக்கும் பொதுவாக ஓர் அளவு வைத்து 'இத்தனை அடிக்கு மேல் நடந்தால் பருவம்' என்று சொல்ல முடியாது. ஒரு மாடு பிறவியிலேயே பரபரப்பு, இன்னொன்று அசையவே யோசிக்கும். அதனால் ஒவ்வொரு மாட்டையும் அதன் சொந்தக் கணக்கோடுதான் மென்பொருள் ஒப்பிடுகிறது. கடந்த ஏழெட்டு நாளாக இந்த மாடு எப்படி இருந்தது, இன்று அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே கேள்வி. புதிதாகக் கட்டிய பட்டை முதல் ஒன்றிரண்டு வாரம் வாய் திறக்காமல் இருப்பதும் இதனால்தான். அது பழுதல்ல, மாட்டோடு பழகுகிறது.

ஆக, கருவி பார்ப்பது மாட்டை அல்ல, அந்த மாட்டின் நேற்றுக்கும் இன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

கழுத்தா, காலா, காதா, வயிறா? எதில் மாட்டுவது நல்லது?

நடையையும் படுக்கையையும் துல்லியமாக எண்ணுவது கால் பட்டை. ஆனால் சாணியிலும் சேற்றிலும் ஊறுவதும் அதுதான், இறுக்கிக் கட்டினால் கால் வீங்கும். கழுத்துப் பட்டை அசைவோடு அசைபோடுதலையும் சேர்த்துப் பிடிக்கும். இரண்டு சாட்சி இருப்பதால் பொய் குறையும்: நடை கூடி, அசைபோடுதலும் குறைந்திருந்தால் நம்பலாம், நடை மட்டும் கூடியிருந்தால் யாரோ துரத்தியிருக்கலாம். பட்டை தளர்ந்து பெட்டி கழுத்துக்குக் கீழே தொங்கினால் அசைபோடும் கணக்கு கெட்டுவிடும், மாதம் ஒரு முறை கைவைத்துப் பார்க்க வேண்டும். காது வில்லை எடை குறைவு, சில வகைகள் காதின் வெப்பத்தையும் அளக்கின்றன. கம்பியில் மாட்டிக் காது கிழிவதும், வில்லை தொலைவதும் அதன் தொல்லை.

வயிற்றுக்குள் போகும் உருளை தனி ரகம். வாய்வழியாகச் செலுத்தினால் இரையறைக்கு அடுத்த அறையில் போய் விழுந்து ஆயுளுக்கும் அங்கேயே கிடக்கும். உடல் வெப்பம், நீர் குடிக்கும் நேரம், வயிற்றின் அசைவு எல்லாம் சொல்லும். பருவ நாளில் உடல் வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் அளவில் ஏறுவதும் அதில் தெரியும். தொலையாது, கிழியாது. ஆனால் பழுதானால் எடுக்கவும் முடியாது, மாட்டை விற்றால் உருளையும் கூடவே போகும்.

என்னைக் கேட்டால், கொட்டகைக்குள் அவிழ்த்துவிட்ட மாடுகளுக்குக் கழுத்துப் பட்டை. காய்ச்சல், மடிநோய் போன்றவற்றையும் முன்கூட்டி அறிவதுதான் முதல் தேவை என்றால் உருளை.

எச்சரிக்கை வந்ததும் ஆளைக் கூப்பிட்டுச் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டுவிடலாமா?

வேண்டாம். ஒரு சிறு கணக்கு போட்டுப் பாருங்கள்.

சினையில்லாத, ஒழுங்காகப் பருவத்துக்கு வரும் மாடுகள் 100 இருக்கின்றன என்று வைப்போம். 21 நாளுக்கு ஒரு முறை என்றால் எந்த ஒரு நாளிலும் ஏறத்தாழ 5 மாடுகள்தான் பருவத்தில் இருக்கும். 95 இருக்காது. கருவி பருவத்தில் இருக்கும் 100 மாட்டில் 90ஐப் பிடிக்கும், பருவத்தில் இல்லாத 100இல் 95ஐச் சரியாக விட்டுவிடும் என்று விற்பவர் சொல்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. அன்றைக்கு என்ன நடக்கும்? பருவத்தில் இருந்த 5இல் நாலைந்து பிடிபடும். பருவத்தில் இல்லாத 95இல் 5 சதவீதம், அதாவது இன்னொரு ஐந்து மாட்டுக்கும் எச்சரிக்கை அடிக்கும். வந்த எச்சரிக்கைகளில் பாதி பொய்! இத்தனைக்கும் கருவி சொன்னபடிதான் வேலை செய்திருக்கிறது. அந்த நூறில் பாதி சினையாக இருந்தால் உண்மை எச்சரிக்கை இரண்டு மூன்றாகக் குறையும், பொய் அப்படியே இருக்கும்.

ஆகவே விற்பவரிடம் 'எத்தனை சதவீதம் பிடிக்கும்' என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். 'பத்து எச்சரிக்கை வந்தால் எத்தனை உண்மை' என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் அதுவும் ஒரு பதில்தான்.

எச்சரிக்கை வந்த மாட்டை அருகில் போய்ப் பார்ப்பதுதான் அடுத்த வேலை. வாலிலும் தொடையிலும் கண்ணாடி போன்ற வழும்பு காய்ந்திருக்கிறதா, வால்மேட்டு மயிர் கலைந்து தேய்ந்திருக்கிறதா, அறை (பிறப்புறுப்பின் வாய்) தடித்திருக்கிறதா, கடைசிப் பருவம் எந்தத் தேதி? 19 முதல் 23 நாள் கழித்து வந்த எச்சரிக்கைக்கு ஒரு மதிப்பு, 9ஆம் நாளில் வந்ததற்கு வேறு மதிப்பு. ஐந்து நிமிட வேலை. 100 மாட்டையும் காலையும் மாலையும் அரை மணி பார்ப்பதற்குப் பதில் பத்து மாட்டை ஐந்து நிமிடம் பார்த்தால் போதும். கருவி தரும் லாபம் அதுதான்.

பொய் எச்சரிக்கை எதனால் வருகிறது?

மாட்டின் வழக்கம் மாறும் எதனாலும் வரும். புதுத் தொழுவத்துக்கு மாற்றினால், மந்தையில் புது மாடு சேர்ந்து முட்டல் மோதல் நடந்தால், குளம்பு வெட்டக் கூட்டிப் போனால், ஈ கடித்து உதறிக்கொண்டே இருந்தால், நாய் துரத்தினால், மேய்ச்சலுக்குப் புதிதாக அவிழ்த்துவிட்டால் எல்லாம் நடை கூடும். ஒரே நாளில் பத்துப் பதினைந்து மாட்டுக்கு எச்சரிக்கை வந்தால் கொட்டகையில் என்ன நடந்தது என்று முதலில் விசாரியுங்கள். அத்தனை மாடும் பேசி வைத்துக்கொண்டு பருவத்துக்கு வராது. நல்ல மென்பொருள்கள் மந்தை முழுதும் கூடிய அசைவைக் கழித்துவிட்டுக் கணக்கிடும், எல்லாம் அப்படியல்ல.

இன்னொரு வகையை முழுப் பொய் என்று சொல்ல முடியாது. பருவ மாட்டோடு சேர்ந்து திரிந்த மாட்டுக்கும் எச்சரிக்கை வரும். மேலே தாவுகிற மாடு பருவத்தில் இல்லாமலும் இருக்கலாம், நின்று கொடுக்கிற மாடுதான் பருவ மாடு. இந்த வித்தியாசம் முடுக்கமானிக்குத் தெரியாது.

ஒரு மாட்டுக்கு எச்சரிக்கையே வரவில்லை. கருவி கெட்டுவிட்டதா?

இருக்கலாம். முதலில் பட்டையும் மின்கலமும் சரியா, மாட்டின் எண் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால், மாடு ஏதோ சொல்கிறது.

கன்று ஈன்ற பின் வரும் முதல் கருமுட்டை வெளியேற்றம் பெரும்பாலும் வெளிக்குத் தெரியாமலே நடக்கும். அது ஊமைப் பருவம், கவலைப்பட ஒன்றுமில்லை. ஈன்று 50, 60 நாள் ஆகியும் ஒரு எச்சரிக்கைகூட இல்லையென்றால் யோசிக்க வேண்டும். தீனிக்கு மேல் பால் கறந்து உடல் வற்றிய மாட்டின் சினைப்பை வேலையை நிறுத்தியிருக்கலாம், சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கலாம், கருப்பையில் சீழ் தங்கியிருக்கலாம். நொண்டும் மாடு பருவத்துக்கு வந்தாலும் நடக்காது. சிலநேரம் மாடு ஏற்கெனவே சினையாகவே இருக்கும், பதிவேட்டில் எழுத விட்டிருப்பார்கள்.

எச்சரிக்கை வந்த மாடுகளின் பட்டியலை எல்லோரும் பார்க்கிறார்கள். வராத மாடுகளின் பட்டியலை யாரும் திறப்பதில்லை. ஈன்று 60 நாள் தாண்டியும் பருவம் காட்டாத மாடுகளை வாரம் ஒரு முறை எடுத்து மருத்துவரிடம் காட்டும் பண்ணை, கருவிக்குக் கொடுத்த காசை அதிலேயே மீட்டுவிடும் என்று சொல்வேன்.

ஊசி எப்போது போட வேண்டும்? காலையில் பருவம் கண்டால் மாலையில், மாலையில் கண்டால் மறுநாள் காலையில் என்பதுதானே விதி?

அது அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் டிரிம்பர்கர் 1940களில் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த விதி. கண்ணால் பார்ப்பவருக்கு இன்றும் நல்ல விதிதான். ஆனால் அதற்குள் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது: நீங்கள் கண்டபோது பருவம் தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரியாது, எனவே சராசரியாக வைத்துக்கொள்கிறீர்கள். கருவி அந்த ஊகத்தை நீக்குகிறது. நடமாட்டம் எத்தனை மணிக்கு ஏறத் தொடங்கியது என்று அதற்குத் தெரியும்.

நெதர்லாந்தைச் சேர்ந்த ருலோஃப்ஸ் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், நடை கூடத் தொடங்கிச் சராசரியாக 29 மணி நேரத்தில் கருமுட்டை வெளிவந்தது. வெளிவந்த முட்டை 6 முதல் 12 மணி நேரம்தான் உயிர்ப்போடு இருக்கும். விந்தணு ஒரு நாள் அளவுக்குத் தாங்கும், ஆனால் மாட்டின் உடலுக்குள் போய்க் கருவூட்டத் தயாராக அதற்கு 6 முதல் 8 மணி நேரம் வேண்டும். ஆக, முட்டை வருவதற்கு 12 முதல் 24 மணி நேரம் முன்பே விந்து உள்ளே காத்திருப்பது நல்லது. கழித்துப் பார்த்தால், நடை கூடத் தொடங்கி 5 முதல் 17 மணி நேரத்துக்குள் ஊசி.

ஓர் எடுத்துக்காட்டு. இரவு 10 மணிக்கு நடை ஏறத் தொடங்குகிறது. முட்டை அடுத்த இரவு கழிந்து அதிகாலை 3 மணி வாக்கில் வரும். ஊசிக்கு உகந்த நேரம் விடிகாலை 3 முதல் பிற்பகல் 3 வரை. நீங்கள் காலை 7 மணிக்கு மாட்டைப் பார்த்து, பழைய விதிப்படி மாலை 7 மணிக்கு ஊசி போட்டால் முட்டை வர எட்டு மணி நேரம்தான் மிச்சம். பிடிக்கவே பிடிக்காது என்றில்லை, விளிம்பில் நிற்கிறீர்கள். கருவி வைத்திருப்பவர் அன்று காலை பத்து, பதினொரு மணிக்கே போட்டிருப்பார்.

பெரும்பாலும் கிடேரிக் கன்றே பிறக்கும்படி, பெண் கன்று தரும் விந்தணுவை மட்டும் பிரித்தெடுத்த விந்துக்கு வேறு கணக்கு. பிரிக்கும்போது விந்தணு அடிபடுகிறது, விந்து அடைத்த குச்சியில் எண்ணிக்கையும் குறைவு, நீண்ட நேரம் காத்திருக்காது. ஊசியைச் சற்றுத் தள்ளி, முட்டை வரும் நேரத்துக்கு நெருக்கமாகப் போட வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். எச்சரிக்கை வந்த நேரம் வேறு, பருவம் தொடங்கிய நேரம் வேறு. அசைவு கூடியது உறுதிதானா என்று பார்க்க மென்பொருள் சில மணி நேரம் எடுத்துக்கொண்டு பிறகுதான் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். திரையில் வரைபடத்தைத் திறந்து கோடு எங்கே ஏறத் தொடங்கியது என்று பாருங்கள். சில மென்பொருள்கள் 'ஊசிக்கு இன்னும் இத்தனை மணி நேரம்' என்றே காட்டும்.

கட்டுத்தறியிலேயே நிற்கும் மாட்டுக்கு வேலை செய்யுமா?

அரைகுறையாக. நடக்க இடமில்லாத மாட்டின் நடையை எண்ணி என்ன செய்வது? அவிழ்த்துவிட்ட மாட்டில் பளிச்சென்று ஏறும் கோடு, கட்டிய மாட்டில் மேடு போலத் தெரியும். ஆனாலும் மாடு எழுவதும் படுப்பதும் மாறும், தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும், அசைபோடுதல் குறையும். எனவே கட்டிய மாட்டுக்குக் கால் பட்டையைவிடக் கழுத்துப் பட்டை மேல். காலையும் மாலையும் அரை மணி நேரமாவது மற்ற மாடுகளோடு அவிழ்த்துவிட முடிந்தால் கருவிக்கும் உதவும், மாட்டின் குளம்புக்கும் நல்லது.

எனக்கு இருப்பதே மூன்று மாடு. வாங்கலாமா?

வேண்டாம் என்பேன். மூன்று மாட்டுக்குப் பட்டையின் அலையை வாங்கும் நிலையமும் மென்பொருள் கட்டணமும் தாங்காது. ஒரு நாட்காட்டி, வால்மேட்டில் பூசும் வண்ணம், தினம் இரண்டு வேளை உண்மையான கவனிப்பு போதும். வேறு மாடு தாவினால் வண்ணம் தேய்ந்துவிடும், இரவில் நடந்ததைக் காலையில் அது சொல்லும். ஒற்றை மாடு என்றால் தாவத் துணையே இருக்காது. கத்துவதையும் வழும்பையும் பால் திடீரென்று குறைவதையும் வைத்துத்தான் சொல்ல வேண்டும். அறையில் லேசாக ரத்தம் கசிந்தால் பருவம் ஒன்று முதல் மூன்று நாளுக்கு முன்பே கடந்துவிட்டது என்று பொருள். அப்போது ஊசி போட்டுப் பயனில்லை. நாட்காட்டியில் 18 நாள் தள்ளி வட்டம் போட்டுவிட்டுக் காத்திருங்கள்.

எருமைக்கும் திமில் மாட்டுக்கும் இதே கருவி சரிப்படுமா?

கருவி ஒன்றுதான், கணக்கு வேறாக இருக்க வேண்டும். பெரும்பாலான மென்பொருள்கள் திமிலில்லாத கறவை இனங்களைப் பார்த்துப் பழக்கப்பட்டவை. திமில் மாடுகளில் பருவம் குறுகியது, இரவில் அதிகம். எருமையில் பெண் எருமை பெண் எருமை மேல் தாவுவதே அரிது. அடிக்கடி சிறுநீர் கழிப்பது, அறை தடிப்பது, வழும்பு, பால் குறைவது இவைதான் அடையாளம். கோடையில் அதுவும் அடங்கிவிடும். அசைவை மட்டும் நம்பும் கருவி எருமையில் அதிகம் தவறவிடும். வாங்கும் முன், இதே இனத்தில் இந்தக் கருவி ஓடும் கொட்டகை ஒன்றை நேரில் போய்ப் பாருங்கள்.

பாலைச் சோதித்தே பருவம் சொல்லும் இயந்திரம் இருக்கிறதாமே?

இருக்கிறது. முட்டை வெளிவந்த இடத்தில் உருவாகும் மஞ்சள் நிறத் திரள் புரோஜெஸ்டிரோன் சுரக்கும், அது பாலிலும் வரும். அந்தத் திரள் கரைந்ததும் பாலில் புரோஜெஸ்டிரோன் விழும், அடுத்த சில நாளில் பருவம். டெலாவல் நிறுவனத்தின் ஹெர்டு நேவிகேட்டர் இந்த அடிப்படையில், கறக்கும்போதே பாலில் துளி எடுத்துச் சோதித்தது. மாடு நடந்தாலும் படுத்தாலும் இதற்குக் கவலையில்லை. ஊமைப் பருவத்தையும் பிடிக்கும், சினைப்பை இயங்குகிறதா என்பதையும் சொல்லும்.

குறை என்னவென்றால் ஒவ்வொரு சோதனைக்கும் வேதிப்பொருள் செலவு, பராமரிப்பு. இன்னொன்று, புரோஜெஸ்டிரோன் விழுந்து முட்டை வரும்வரை ஆகும் நேரம் மாட்டுக்கு மாடு கணிசமாக மாறும். பருவம் வருகிறதா என்பதில் பால் சோதனை கில்லாடி, எத்தனை மணிக்கு என்பதில் நடையெண்ணி மேல்.

கேமரா?

தாவுவதைக் கண்டுபிடிக்கும்படி பழக்கிய மென்பொருள்கள் உள்ளன. மாட்டின் உடலில் எதையும் மாட்ட வேண்டாம் என்பது பெரிய வசதி. எந்த மாடு என்று அடையாளம் காண்பதுதான் சிக்கல், உடல் முழுதும் ஒரே நிறமாக இருக்கும் மாடுகளில் இன்னும் கடினம். தூணுக்குப் பின்னால் நடந்ததைக் கேமராவும் பார்க்காது.

ஹார்மோன் ஊசி போட்டுக் குறித்த நாளில் கருவூட்டும் முறை இருக்கும்போது, பருவத்தைத் தேடவே வேண்டாமே?

1995இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓவ்சிங்க் முறை அதற்காகவே வந்தது. முதல் நாள் ஓர் ஊசி, ஏழு நாள் கழித்து இன்னொன்று, அதன்பின் இரண்டு நாளில் மூன்றாவது, மறுநாள் கருவூட்டல். பருவத்தைக் கண்ணால் காண வேண்டியதே இல்லை. பருவம் காட்டாத மாடுகளுக்கு இது நல்ல வழி, மருத்துவர் மேற்பார்வையில்.

ஆனால் எல்லா மாட்டுக்கும் ஏன் ஊசி? தானாகப் பருவம் காட்டுகிற மாட்டைக் கருவி பிடிக்கட்டும், 60, 70 நாளிலும் காட்டாததை மட்டும் ஹார்மோன் முறைக்கு அனுப்புங்கள். இரண்டையும் எதிரெதிராக நிறுத்தும் வாதம் எனக்குப் புரிவதில்லை. ஒருமுறை சினை ஊசி போட்டும் சினை பிடிக்காத மாடு 21ஆம் நாள் வாக்கில் மறுபடி பருவத்துக்கு வரும்போது அதைப் பிடிக்கக் கருவி எப்படியும் தேவை.

வெயில் காலத்தில் எச்சரிக்கை குறைகிறதே?

வெப்பத்தில் மாடு அசைவதைக் குறைத்துக்கொள்கிறது. பருவம் குறுகி, நடுஇரவுக்கும் விடிகாலைக்கும் தள்ளிப்போகிறது. நிழல், நீர், விசிறி இவற்றைச் சரிசெய்யாமல் மென்பொருளின் உணர்திறனை மட்டும் ஏற்றினால் கிடைப்பது பொய் எச்சரிக்கைதான்.

21 நாள் கழித்து எச்சரிக்கை வரவில்லை என்றால் சினை என்று எடுத்துக்கொள்ளலாமா?

நல்ல அறிகுறி, உறுதி அல்ல. சினை பிடிக்காமலே பருவம் மங்கியிருக்கலாம். 30 நாள் வாக்கில் ஸ்கேன் செய்தோ, பிறகு மருத்துவர் உள்ளே கையால் தடவிப் பார்த்தோ உறுதிப்படுத்த வேண்டும்.

மறுபக்கம்தான் ஆபத்து. சினையாக இருக்கும் மாடுகளிலும் சில, நூற்றுக்குச் சில என்ற அளவில், பருவ நடத்தை காட்டும். கருவி பாவம், சரியாகவே எச்சரிக்கை அடிக்கும். அதை நம்பிக் கருவூட்டும் குழலைக் கருப்பையின் வாய் தாண்டிச் செலுத்தினால் உள்ளே இருக்கும் கரு கலையலாம். ஏற்கெனவே ஊசி போட்ட மாட்டுக்கு எச்சரிக்கை வந்தால் முன்பதிவைப் பார்க்காமல், ஐயம் இருந்தால் சோதிக்காமல், இரண்டாவது ஊசி போடாதீர்கள்.

வாங்கும் முன் விற்பவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

இணையம் துண்டித்தால் பட்டை எத்தனை மணி நேரத் தகவலைச் சேமித்து வைத்திருக்கும்? கொட்டகையின் கடைக்கோடி வரை அலை எட்டுமா, மேய்ச்சலுக்குப் போனால் என்ன ஆகும்? மின்கலம் தீர்ந்தால் மாற்றலாமா, பட்டையையே தூக்கிப் போட வேண்டுமா? மாதக் கட்டணத்தை நிறுத்தினால் பழைய தகவல் நமக்குக் கிடைக்குமா? செய்தி நமக்குப் புரியும் மொழியில் வருமா? பால் கறப்பவர் கையிலும் வருமா, முதலாளி கையில் மட்டுமா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. விடிகாலையில் மாட்டுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு எட்டாத எச்சரிக்கை பத்து மணிக்கு வேறு யாரோ பார்த்து என்ன பயன்?

முதல் மூன்று மாதம் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எச்சரிக்கை வந்த தேதி, நேரில் பார்த்தபோது தெரிந்தது, ஊசி போட்டதா, சினை ஆனதா. விற்பவர் சொன்ன சதவீதத்தைவிட உங்கள் கொட்டகையின் இந்தக் கணக்குதான் பேசும்.

பட்டையால் மாட்டுக்குத் தீங்கு உண்டா?

அலைவீச்சு மிகக் குறைவு, அதனால் பயமில்லை. பட்டை உராய்ந்து தோல் புண்ணாவதுதான் நடைமுறையில் வரும் தொல்லை. வளரும் கிடேரிக்குக் கட்டினால் கழுத்து பெருக்கப் பெருக்கத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும்.

ஒரு மாட்டிலிருந்து கழற்றி இன்னொன்றுக்கு மாட்டலாமா?

மாட்டலாம், மென்பொருளிலும் அன்றே எண்ணை மாற்றினால். மாற்றாவிட்டால் புது மாட்டின் இன்றைய நடையைப் பழைய மாட்டின் போன வாரத்தோடு அது ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். விற்றுப்போன மாடு நள்ளிரவில் பருவத்துக்கு வந்துவிட்டதாகக் கைப்பேசி அலறினால், காரணம் பெரும்பாலும் இதுதான்.